துறவியும் மகளும்: ‘நவம்பர் ஸ்டோரி’யை முன்வைத்து

துப்பறிகிறவருக்கு ஒரு குடும்பத்தையும், அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய காயத்தையும் கொடுத்துவிட்டால் கதைக்கு ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழில் இன்று ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. காவல் அதிகாரி என்றால் ஒரு தங்கை காணாமல் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் மனைவி கொலையுண்டிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் குடித்துவிட்டு அடித்த அப்பா ஒருவராவது இருந்தாக வேண்டும். இந்தச் சடங்கைத் தாண்டிச் செல்லும் வாய்ப்பு உண்மையிலேயே கையில் இருந்தும், பாதி வழியில் அதை நழுவவிட்ட படைப்பு என்று நான் கருதுவது ‘நவம்பர் ஸ்டோரி’யை. இந்திரா சுப்பிரமணியன் இயக்கத்தில், விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரிப்பில், 2021 மே 20 அன்று அப்போதைய டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் ஏழு பகுதிகளாக வெளியான தொடர் அது. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் வீடடைந்து கிடந்தவர்கள் ஒரே இரவில் அதைப் பார்த்து முடித்தார்கள். அடுத்த வாரம் வேறொன்றுக்குப் போனார்கள். மறந்துவிட்டுப் போகத் தக்க தொடரல்ல அது; உட்கார்ந்து சண்டை போடத் தக்க தொடர்.

பார்க்காதவர்களுக்காகக் கதையின் வாசலை மட்டும் சொல்கிறேன். கணேசன் புகழ்பெற்ற குற்றநாவல் எழுத்தாளர். இப்போது அல்சைமர் என்னும் மறதி நோயில் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கிறார். மகள் அனுராதா கணினி வல்லுநர். காவல் துறையின் பழைய முதல் தகவல் அறிக்கைகளைக் கணினியில் ஏற்றும் பணியில் இருப்பவள். அப்பாவின் மருத்துவத்துக்காகப் பழைய வீட்டை விற்க முயல்கிறாள். அந்த வீட்டில் ஒரு பெண் கொலையுண்டு கிடக்கிறாள். அருகில் அப்பா இருக்கிறார். என்ன நடந்தது என்று அவருக்கு நினைவில்லை. தமன்னா, ஜி.எம்.குமார், பசுபதி ஆகிய மூவரும் இதைத் தாங்குகிறார்கள். முடிச்சை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. என் வழக்குக்கு அது தேவையும் இல்லை.

தொடரைப் பாராட்டிய நண்பர்கள் சொன்னது, தமிழில் துப்பறியும் பாத்திரத்துக்கு ஒருவழியாக அகம் கிடைத்துவிட்டது என்பது. கணேஷுக்கும் வசந்துக்கும் இல்லாத குடும்பமும் கடந்தகாலமும் அனுவுக்கு இருக்கின்றன, ஆகவே இது முதிர்ச்சி என்பது அவர்கள் வாதம். குறைகூறியவர்கள் தொடர் மெதுவாகப் போகிறது, பின்கதை நீளம் என்றார்கள். இரு தரப்பும் ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன: துப்பறிபவருக்குக் குடும்பம் இல்லாதிருப்பது ஒரு குறை, அதை யாராவது நிரப்பித் தரவேண்டும். அந்த அனுமானத்தோடுதான் என் சண்டை.

தமிழில் துப்பறியும் நாவலின் தொடக்கத்துக்குப் போவோம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறிவாளருடைய பெயர் திகம்பர சாமியார். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியபோது எம்.என்.நம்பியார் விதவிதமான வேடங்களில் வந்து நடித்தாரே, அவரேதான். திகம்பரர் என்றால் திசைகளையே ஆடையாக உடுத்தவர், எதுவும் இல்லாதவர். ஐயங்கார் தத்துவ விசாரம் செய்து அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார். ஆனாலும் மரபு தன்னையறியாமலே ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறது. அடுத்தவர் வீட்டு அழுக்கை உள்ளபடி பார்க்கவேண்டுமானால் பார்க்கிறவன் துறவியாக இருக்கவேண்டும். பந்தம் உள்ளவன் கண்ணுக்கு எதுவும் உள்ளபடி தெரியாது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனுக்கும் இது பொருந்தும். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா என்று ஒரு மனைவி உண்டு, ஓயாத தேநீரும் உண்டு. ஆனால் மனைவியால் சங்கர்லாலின் ஒரு முடிவுகூடக் கோணியதில்லை. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா அமைந்ததும் அதே கணக்குதான்.

1968-இல் ‘நைலான் கயிறு’ வழியாகக் கணேஷை அறிமுகம் செய்த சுஜாதாவும் இதைத் தெரிந்தே செய்தார் என்று நினைக்கிறேன். கணேஷுக்கு அம்மா யார், அப்பா என்ன வேலை பார்த்தார், ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று எந்த வாசகனும் கேட்டதில்லை. ஸ்ரீரங்கத்துக் கதைகளில் பாட்டியையும் அக்கம்பக்கத்தையும் அவ்வளவு ஈரத்துடன் எழுதத் தெரிந்த ஒருவர், குடும்பத்தை எழுத வராமல் விட்டுவிட்டார் என்று சொல்ல முடியுமா? கணேஷ் வக்கீல். வழக்கில் அவனுக்குப் பாத்தியதை கிடையாது. அந்தப் பாத்தியதையின்மைதான் அவன் தொழிலின் அறம்.

இந்த மரபில் குடும்பஸ்தனாக முழுமையாக வாழ்ந்த ஒரே துப்பறிவாளர், 1942-இல் ஆனந்த விகடனில் தேவன் எழுதத் தொடங்கிய துப்பறியும் சாம்பு. வேம்பு என்னும் மனைவி, வீடு, வங்கிக் குமாஸ்தா வேலை பார்த்த பூர்வாசிரமம் எல்லாம் அவருக்கு உண்டு. விளைவு என்ன? அவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் அகப்படுகிறான், அவ்வளவுதான். தேவன் நகைச்சுவையாகச் சொன்னதும் ஐயங்கார் பெயராக வைத்ததும் ஒரே சங்கதி. அதே விகடன் குழுமத்திலிருந்து ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து வந்த தொடர்தான் ‘நவம்பர் ஸ்டோரி’ என்பது எனக்குத் தற்செயலான சுவாரசியமாகப் படுகிறது.

ஆகவே, துப்பறிபவருக்கு உறவு தருவதானால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த உறவு அவர் பார்வையைக் கெடுக்கவேண்டும். அவர் காணக்கூடாததைக் காணவும், கண்டதை மறைக்கவும் நேரவேண்டும். சோபாக்ளிஸின் ஈடிபஸ் கொலைகாரனைத் தேடிப் புறப்பட்டுத் தன் பிறப்பையே கண்டடைந்தவன். கண்டடைந்த பிறகு கண்களை வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. குடும்ப ரகசியங்களையே வாழ்நாள் முழுதும் எழுதிய அமெரிக்க நாவலாசிரியர் ராஸ் மக்டொனால்டு, தன் துப்பறிவாளன் லூ ஆர்ச்சரை விவாகரத்தான தனியனாக, சொந்தக் கதை அதிகம் பேசாதவனாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். துறவியாக்கு, இல்லையெனில் பந்தத்தின் விலையை முழுக்க வசூல் செய். இடையில் நின்றுகொண்டு, பின்கதையை ஒரு வாசனைத் திரவியம்போலத் தெளிப்பதுதான் இன்றைய சடங்கு.

‘நவம்பர் ஸ்டோரி’யின் தொடக்கம் இந்தச் சடங்குக்கு அப்பால் நிற்கிறது. அதனால்தான் இத்தனை வார்த்தை செலவிடுகிறேன். அனு உண்மையைத் தேடிப் புறப்படவில்லை. உண்மையை மூடத்தான் புறப்படுகிறாள். ஓர் அலுவலகத்தில் குற்றங்களின் பதிவுகள் அழியாமல் நிற்க உழைப்பவள், தன் வீட்டில் ஒரு குற்றம் பதிவாகிவிடக்கூடாதே என்று பதறுகிறாள். நினைவைக் காப்பது பிழைப்பு, நினைவை அழிப்பது பாசம். அப்பாவின் மூளை தானாகச் செய்துகொண்டிருப்பதை மகள் மனமறிந்து செய்கிறாள். இப்படியொரு அமைப்பைத் தமிழ்க் குற்றக்கதையில் நான் வேறெங்கும் கண்டதில்லை. திகம்பர சாமியாரின் நேர் எதிர்த்துருவம் இந்தப் பெண். தமன்னா இந்தப் பகுதிகளில் முகத்தை இறுக்கிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டே இருக்கிறார். அழ நேரமில்லாத ஒருத்தியின் நடை. அவர் நடிப்பைப் பற்றி எனக்கிருந்த முன்முடிவுகளைக் கலைத்தது அந்த நடை. ‘அறுவடை நாள்’ இயக்கிய ஜி.எம்.குமாரைப் பாலாவின் ‘அவன் இவன்’ படத்தில் கண்டவர்களுக்கு, தன் உடலைக் கூச்சமின்றித் திரைக்குக் கொடுக்கக்கூடியவர் அவர் என்பது தெரியும். இங்கே அந்தப் பெரிய உடல் ஒரு குழந்தையின் திகைப்போடு அறைக்கு அறை நகர்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? தொடருக்குத் தன் கையில் இருப்பதன் கனம் பயமூட்டியிருக்க வேண்டும். பின்பாதியில் கதை அனுவை விட்டுவிட்டு, பசுபதி நடித்த யேசு என்னும் பிணக்கூறாய்வு மருத்துவரின் கடந்தகாலத்துக்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் கடந்தகாலம் தன்னளவில் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. பசுபதியோ ஒரு பார்வையில் மூன்று வசனங்களை மிச்சப்படுத்துகிற நடிகர். ஆனால் அது வேறொருவர் வீட்டுக் காயம். மகள் தன் தகப்பனைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறாள், தெரிந்துகொண்ட பின் மறுநாள் காலை அவருக்கு எப்படிக் காபி ஆற்றிக் கொடுப்பாள் என்று நாம் காத்திருக்கும்போது, கொலையாளியின் இளமைத் துயரத்தை நமக்கு நீட்டுகிறார்கள். கொலைக்குக் காரணம் கிடைக்கிறது. குடும்பத்துக்கு விசாரணை கிடைக்கவில்லை. தடயத்தை மூடத் துணிந்த மகளிடம் கதை அந்தக் கணக்கைக் கேட்கவே இல்லை. கொலையுண்டு கிடந்த பெண்ணின் மரணம் நம் மனத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

நோயைக் கையாண்ட விதமும் இதே பயத்தின் இன்னொரு முகம். இத்தொடரில் அப்பாவின் மறதி ஒரு பூட்டு. திரைக்கதைக்குத் தேவைப்படுகிறவரை மூடியிருக்கும், தேவைப்படும்போது கொஞ்சம் திறக்கும். இந்த நோயுள்ள ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கும். நோயின் தொடக்கக் கட்டங்களில் முதலில் அழிவது பெரும்பாலும் அண்மைக்கால நினைவுதான். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். முப்பது வருடத்துக்கு முந்தைய மாம்பலம் ரயில்நிலையம் பளிச்சென்று நிற்கும். மகளை மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இறந்த தம்பி ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலைப் பார்ப்பார்கள். கடந்தகாலம் அந்த வீட்டில் பூட்டிக் கிடக்காது. பழைய குழாய் போல இரவு பகலாகக் கசிந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அனுவின் துயரம் அப்பா எதையும் சொல்லமாட்டேன் என்பதாக இருக்க முடியாது. அவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார், எது நடந்தது, எது அவர் எழுதிய நாவலில் வந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை என்பதாகத்தான் இருக்கும். குற்றநாவல் எழுத்தாளருக்கு மறதி நோய் என்ற கற்பனையின் முழுப் பலமும் இங்கேதான் இருந்தது. ஹென்னிங் மான்கெல் தன் வாலண்டர் நாவல்களில், ஒரே நிலக்காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும் ஒரு தந்தையை வைத்தார். அவர் நினைவு தப்பத் தொடங்குவதை நாவல் நாவலாக நகரவிட்டார். 2009-இல் வந்த கடைசி நாவலில் அதே நோய் துப்பறிவாளனுக்கே வருகிறது. அந்த மறதி எந்த மர்மத்தின் சாவியும் இல்லை. அது வருடங்களாக நடக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு அதிகமாக வலித்தது இன்னொன்று. கணேசன் குற்றநாவல் எழுத்தாளர் என்கிறார்கள். எதை எழுதினார்? தமிழில் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சிகள் நம் கண்முன் இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் ஒரு நாவல், சில மாதங்களில் இரண்டு மூன்று; ஜி.அசோகனின் பாக்கெட் நாவலும் க்ரைம் நாவலும் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய காலம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. தி.நகர் தணிகாசலம் சாலையிலிருந்து மணிமேகலைப் பிரசுரம் தமிழ்வாணனைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுக்கொண்டிருந்தது. மயிலாப்பூர் லஸ்ஸில் நடைபாதையில் பல பத்தாண்டுகள் நடந்த ஆழ்வாரின் பழைய புத்தகக் கடையில் இந்நூல்கள் அட்டை கிழிந்து, யாரோ கடைசிப் பக்கத்தில் கொலையாளியின் பெயரை எழுதிவைத்த நிலையில் கிடைத்தன. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இவர்களுடைய கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோதுதான், நம் தீவிர இலக்கியவாதிகள் சிலர் தங்கள் வீட்டுப் பரணில் என்ன இருந்தது என்று நிமிர்ந்து பார்த்தார்கள். (நான் இந்த எழுத்தை இலக்கியம் என்று வாதிட வரவில்லை. அந்த வழக்கு வேறு. அதில் நான் எதிர்த்தரப்பு வக்கீலாகவே ஆஜராகக்கூடும்.)

இப்படி மாதக்கெடுவுக்கு எழுதிய ஒரு மனிதரின் வீடு எப்படி இருந்திருக்கும்? முந்நூறு கொலைகளை யோசித்த ஒருவரோடு அவர் மனைவி எப்படி வாழ்ந்திருப்பாள்? பணம் எவ்வளவு வந்தது, எதில் போயிற்று? மகள் அந்த நாவல்களைப் படித்தாளா, பள்ளிக்கூடத் தோழிகளிடம் அப்பா பெயரைச் சொல்லக் கூசினாளா? குடும்பத்தின் கடந்தகாலம் என்பது இவைதானே! தொடரில் எழுத்தாளர் என்பது ஓர் அடையாள அட்டை. அவரைப் பொறியாளராகவோ பேராசிரியராகவோ மாற்றியிருந்தாலும் கதையில் பெரிதாக எதுவும் நகர்ந்திருக்காது. அவர் வாழ்ந்த சென்னையும் அப்படியே. ஒரு நகரத்தை நான் பார்த்தேன், ஆனால் அது எந்தத் தெரு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீடு விற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாறு காந்தி நகரிலும் மயிலாப்பூரின் உள்தெருக்களிலும் தனிவீடுகள் இடிந்து அடுக்ககங்களாக எழுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்தப் பேரங்களின் முதல் கட்டமே ஒரு துப்பறியும் கதை. தாய்ப்பத்திரம் எங்கே, வாரிசுகள் யார் யார், வில்லங்கச் சான்றிதழில் வரும் இந்த அடமானம் யார் வைத்தது, அத்தையிடம் வாங்க வேண்டிய விடுதலைப் பத்திரத்தை ஏன் வாங்காமல் விட்டார்கள்? ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகளாகப் பேசாமல் மூடிவைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்துத் தாள் ஒன்று இரண்டு நிமிடத்தில் பேசிவிடும். தெளிந்த மனநிலை இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்படியானால் அப்பாவின் கையெழுத்தை மகள் எப்படி வாங்குவாள்? அவருக்குத் தெளிவிருக்கும் ஒரு காலைப்பொழுதுக்காகப் பேனாவோடு காத்திருப்பாளா? அப்படிக் காத்திருந்து வாங்குவது அன்பா, மோசடியா? ஒரு பிணமும் தேவையில்லாமலே மூச்சு முட்டவைக்கிற இந்தக் காட்சியைத் தொடருக்கு எழுதத் தோன்றவில்லை.

தமிழில் முடியாததை நான் கேட்கவில்லை. எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954 ஏப்ரலில் வந்தது. 1943 அக்டோபர் 11, சென்னைத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாள்; அதையொட்டி ஒரு வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரிக்க வரும் சிவானந்தத்துக்கு, அந்த வேடத்தை ஏற்றுப் படத்தையும் எழுதிய ஜாவர் சீதாராமன் சொந்தக் கதை எதையும் தரவில்லை. அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, எதிர்வீட்டுக்காரர், நடனக்காரி என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் அந்த வீடு வேறு வீடாகிறது. தம்பிக்குச் சொத்துப் பிரச்சினை, மனைவிக்கு தேசப்பிரச்சினை. பாட்டில்லை, ஆட்டமில்லை, அந்நாளில் ஓடவுமில்லை. துப்பறிபவர் துறவியாக நின்றதால்தான் குடும்பம் முழுக்கத் திறந்துகொண்டது. இது ஒரு வழி.

மற்ற வழியையும் அண்மையில் ஒருமுறை கிட்டத்தட்ட நெருங்கியிருக்கிறார்கள். 2022-இல் வந்த ‘சுழல்’ தொடரில் ஆய்வாளர் ரெஜினா தேடிக்கொண்டிருக்கும் பெண்ணின் காதலன் அவருடைய சொந்த மகன். ஸ்ரியா ரெட்டியின் முகத்தில் அதிகாரியும் தாயும் ஒரே நொடியில் முட்டிக்கொள்ளும் இடங்களில், பந்தம் பார்வையைக் கெடுப்பதை நாம் நேரில் காண்கிறோம். மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) படத்தில் காணாமல் போன தங்கை, அவ்வளவு நேர்த்தியான ஒரு படத்தில் எனக்குக் கடைசிவரை ஒரு தூண்டுகோலாக மட்டுமே இருந்தாள். அங்கே நம்மை உலுக்கியது இன்னொரு குடும்பம். சேரனின் மௌனத்தைவிட லட்சுமி ராமகிருஷ்ணனின் மழித்த தலைதான் நினைவில் நிற்கிறது.

அனுவுக்கு இவர்கள் எவருக்கும் இல்லாத ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் குற்றத்தைத் தேடி வீட்டுக்குள் வருகிறார்கள். இவள் வீட்டைக் காப்பாற்றக் குற்றத்துக்குள் போகிறாள். எனக்கு வேண்டியிருந்தது ஏழாம் பகுதிக்குப் பிந்தைய ஒரு திங்கட்கிழமை. அலுவலகத்தில் அவள் மேசைக்குப் பழைய முதல் தகவல் அறிக்கைகள் கட்டுக்கட்டாக வந்திருக்கும். மங்கிய நீல மை, நைந்த ஓரம், யாரோ ஒரு தகப்பன், யாரோ ஒரு மகள், துப்புத் துலங்காமல் மூடப்பட்ட வழக்கு. அதைக் கணினியில் ஏற்றும்போது அவள் விரல் எங்கே தயங்கும்?

அந்தத் திங்கட்கிழமையை எழுதாமல்தான் தொடர் முடிகிறது.